யார் இந்த ஹெர்ப் ப்ரூக்ஸ்? தங்கத்தைத் தவறவிட்டவர் தங்கம் வாங்கிக் கொடுத்த கதை!

1960 குளிர்கால ஒலிம்பிக். அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியிலிருந்து கடைசி ஆளாகக் கழற்றிவிடப்பட்டார் ஹெர்ப் ப்ரூக்ஸ். அவர் இல்லாத அந்த அணி தங்கம் வென்றது.

20 வருஷம் கழித்து, 1980-ல் அதே அமெரிக்க அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். கையில் இருந்ததோ பெரும்பாலும் கல்லூரிப் பசங்க. எதிரே, தொடர்ந்து 4 முறை தங்கம் வென்ற சோவியத் யூனியன்.

அப்போ ப்ரூக்ஸ் என்ன செய்தார்? கடைசி நிமிஷம் வரை ஓடுற தெம்பு வேணும் என்பதில் கறாராக இருந்தார். நார்வேயுடன் ஒரு ஆட்டம் டிரா ஆனதும், அதே மைதானத்திலேயே வீரர்களை மறுபடி மறுபடி ஓடவிட்டார்.

பலன்? கடைசிப் பகுதியில் 2-3 எனப் பின்தங்கியிருந்த அமெரிக்கா, 4-3 என சோவியத்தை வீழ்த்தியது. அடுத்து பின்லாந்தையும் வென்று தங்கம்!

ஆனால், அந்த அணிக்காகவும் ஒருவரைக் கடைசியாக நீக்க வேண்டியிருந்தது. அந்த வலி தெரிந்த ப்ரூக்ஸே அதைச் செய்தார்.