‘கரண்ட்’ வைக்கப் போறீங்களா?

ஆபரேஷன் முடிஞ்சாச்சு. தையலும் பிரிச்சாச்சு. சிலருக்கு கீமோவும் முடிந்து, கொட்டிப்போன முடி பூனை ரோமம் மாதிரி மறுபடி தலைகாட்ட ஆரம்பிச்சிருக்கும். ‘அப்பாடா’ என்று மூச்சு விடும்போதுதான் டாக்டர் சொல்வார்... ‘‘அடுத்தது ரேடியேஷன்மா. திங்கட்கிழமை ஸ்கேனுக்கு வந்துடுங்க!’’

வீட்டுக்குத் திரும்பினால் போதும், ஆளாளுக்கு ஒரு கதை. ‘கரண்ட் வெச்சா உடம்பே கருகிடுமாமே’ என்பார் ஒருவர். ‘பேரப் பிள்ளையை மடியில வெச்சுக்கக் கூடாதாம்’ என்பார் இன்னொருவர். மார்பகப் புற்றுநோய்க்கான இந்தச் சிகிச்சையில், சிகிச்சையைவிட அதைப் பற்றிய கதைகள்தான் அதிகம் படுத்துகின்றன.

முதல் விஷயம். நம்ம ஊரில் எல்லோரும் ‘கரண்ட்’ என்று சொன்னாலும், உங்கள் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப் போவதில்லை. ஷாக் அடிக்காது. சூடுகூடத் தெரியாது. மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன தெரிந்ததோ, அதேதான். அதைவிட வீரியமான கதிர், குறி பார்த்து அனுப்பப்படுகிறது.

அப்படியானால் அந்தக் ‘கருகல்’ கதை எங்கிருந்து வந்தது? முழுப் பொய் இல்லை. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பார்னார்டு இன்ஸ்டிடியூட் தொடங்கிய 1934-ஐ ஒட்டிய காலத்தில் இருந்தவை பழைய எக்ஸ்ரே மெஷின்கள். அவற்றின் கதிர் தோலிலேயே அதிகம் தங்கிவிடும். உள்ளே இருக்கும் நோய்க்குப் போய்ச் சேருவதற்குள் மேல்தோல் வெந்துவிடும். பின்னால் வந்த கோபால்ட் மெஷினும், இன்றைய லீனியர் ஆக்ஸிலரேட்டரும் தோலைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்கிறவை. பாட்டி காலத்துக் கதை மட்டும் மெஷினோடு மாறாமல் அப்படியே தங்கிவிட்டது.

மடியில் பேரப் பிள்ளை? தாராளமாக! வெளியிலிருந்து கதிர் தரும் இந்தச் சிகிச்சையில் மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. உங்கள் உடம்பிலோ புடவையிலோ ஒன்றும் ஒட்டிக்கொண்டு வராது. தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை. அப்படி ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருப்பதுதான் வேதனை.

எதுக்கு இந்த ரேடியேஷன்?

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தைக் காப்பாற்றிய ஆபரேஷன் என்றால், கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கே மிச்சம் இருக்கலாம். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வந்த கணக்கு இது: ரேடியேஷன் எடுக்காத 100 பேரில் 35 பேருக்கு 10 வருடத்துக்குள் நோய் எங்காவது திரும்பியிருக்கிறது. எடுத்துக்கொண்டவர்களில் அது சுமார் 19 பேர். மார்பகத்தையே முழுசாக எடுத்தவர்களுக்கு எல்லோருக்கும் இது தேவைப்படாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் உள்ள நெறிகட்டிகளுக்கு நோய் பரவியிருந்தாலோதான் டாக்டர் சொல்வார்.

இந்தக் கணக்கை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்றால், பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் கறுக்க ஆரம்பித்ததும் பயந்து, அல்லது தீபாவளிக்கு ஊருக்குப் போய், அல்லது கூட வர ஆளில்லாமல், பதினேழாவது நாளோடு நிறுத்திவிடுவார்கள். மொத்த டோஸையும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல செல்கள் இடையில் தங்களைச் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஆனால், இடைவெளி நீண்டுபோனால் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களும் பெருக ஆரம்பித்துவிடும். சனி, ஞாயிறு லீவு கணக்கில் சேர்ந்தது. நாமாக எடுக்கும் லீவுதான் ஆபத்து. மெஷின் ரிப்பேர், காய்ச்சல் என்று ஒருநாள் தவறிப்போனால் பதற வேண்டாம். அதை எப்படி ஈடுகட்டுவது என்று டாக்டரே சொல்வார்.

வெயிட்டிங் ஹாலில் இன்னொரு குழப்பம் வரும். ‘‘எனக்கு 25 தடவை. உங்களுக்கு 15தானா? ஏதாவது குறைச்சுட்டாங்களோ?’’ குறைக்கவில்லைங்க. பழைய வழக்கம் 25 நாளில் 50 கிரே. (‘கிரே’ என்பது கதிரின் அளவு, பாலுக்கு லிட்டர் மாதிரி.) 15 நாளில் 40 கிரே கொடுத்தாலும் பலன் அதேதான் என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. பிரிட்டனில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஆரம்பக்கட்ட நோய்க்கு ஒரே வாரத்தில் 5 தடவையாக 26 கிரே கொடுத்ததும் அதற்குச் சமமாக நின்றது. உங்களுக்கு எது பொருந்தும் என்பது உங்கள் நோயின் நிலையைப் பொறுத்தது. சிலருக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கடைசியில் சில தடவை கூடுதலாகக் கொடுப்பார்கள்.

அதேபோல், ‘அந்தம்மாவுக்கு ரெண்டு நிமிஷம், எனக்கு அஞ்சு நிமிஷமா?’ என்று கவலைப்படுவதும் உண்டு. கோபால்ட் மெஷினில் இருக்கும் கோபால்டின் வீரியம் ஐந்தேகால் வருஷத்தில் பாதியாகிவிடும். பழைய கோபால்டாக இருந்தால் படுத்திருக்கும் நேரம் கூடும். உடம்புக்குள் போகும் அளவு கூடாது.

அந்த அறைக்குள்ளே...

சிகிச்சைக்கு முன்னால் ஒருநாள் ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே பட வேண்டும், எங்கே படக் கூடாது என்று கணக்குப் போடுவார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி அசையாமல் படுக்க வேண்டும். ஆபரேஷனான பக்கத்துத் தோள் இறுகிப்போய்க் கை மேலே போகாவிட்டால் இதுவே தள்ளிப்போய்விடும். அதனால் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாதீங்க. சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றுங்கள். தலை வாருங்கள். துணி காயப்போடுகிற கொடியை எட்டிப் பிடியுங்கள்!

தோலில் மையால் கோடுகள் போடுவார்கள். சில இடங்களில் கடுகு அளவு பச்சைப் புள்ளி குத்துவார்கள். மை ரவிக்கையில் ஒட்டும். பழைய ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு போங்க. கோடு அழிந்தால் நீங்களாக வரைந்துகொள்ள வேண்டாம். மறுநாள் அங்கே சொன்னால் போதும்.

நிறையப் பேர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தாலி! நெஞ்சில் புரளும் சங்கிலி கதிர் படும் இடத்தில் கிடக்கக் கூடாது. சில நிமிஷம் கழற்றிக் கணவர் கையில் கொடுக்கலாம். மனசு கேட்கவில்லையா? முதல் நாளே டெக்னீஷியனிடம் சொல்லுங்க. கயிறோ சங்கிலியோ, கழுத்துக்கு மேலே அல்லது மறுபக்கம் ஒதுக்கி வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு இது தினசரி சமாசாரம். இதைச் சொல்ல முடியாமல் மேஜையில் கண்கலங்கிப் படுத்திருப்பதுதான் கொடுமை. ஆண் டெக்னீஷியன் என்று கூச்சமாக இருந்தால் அதையும் சொல்லலாம். பெண் ஊழியர் ஒருவரை உடன் இருக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மெஷின் ஓடும்போது அறைக்குள் நீங்கள் மட்டும்தான். கனமான கதவு மூடும். மெஷின் உங்களைத் தொடாமல் சுற்றி வரும், லேசாக உறுமும். கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். கூப்பிட்டால் குரலும் கேட்கும். இடது மார்பாக இருந்தால், சில ஆஸ்பத்திரிகளில் மூச்சை ஆழமாக இழுத்துச் சுமார் 20 விநாடி பிடிக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து கொஞ்சம் விலகி, கதிரின் பாதையிலிருந்து தப்பிக்கும். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது ரொம்ப சுலபம்!

தோல்தான் முதலில் பேசும்

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தோல் சூடாக, வறண்டு, நமநமவென்று அரிக்கும். புத்தகங்களில் ‘சிவக்கும்’ என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, கறுக்கும். இன்னொன்றையும் மனசில் போட்டு வைங்க. சிகிச்சை முடிந்தபிறகும் ஒன்றிரண்டு வாரம் இது கூடிவிட்டுத்தான் இறங்கும். கடைசி நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு அதிகமாகிறதே என்று மிரள வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஆறிவிடும். கறுப்பு மங்க மாசக்கணக்காகும்.

குளிக்கலாமா? தினமும் குளிக்கணும்! வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, ஒற்றி எடுக்க ஒரு பழைய துண்டு. பீர்க்கங்காய் நார் கொண்டு தேய்ப்பது, மஞ்சள் பூசுவது, பவுடர் கொட்டுவது எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். எண்ணெய்க் குளியல் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போகட்டும். கோடும் அழியும், சீயக்காய் வழிந்து எரிச்சலும் வரும். தலைக்கு ஷாம்பு போட்டால் முன்பக்கம் குனிந்து அலசுங்கள். தோல் உரியாத வரைக்கும் டியோடரன்ட் போடுவதில் தப்பில்லை என்பது இன்றைய கருத்து. டாக்டர் சொன்ன கிரீமைத் தடவலாம். ஆனால் தடிமனாக அப்பிக்கொண்டு மெஷினுக்குக் கீழே படுக்காதீங்க. சிலருக்கு ஸ்டீராய்டு கிரீம் எழுதித் தருவார்கள். அதை எழுதித் தந்தால் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசுகிற வேலை வேண்டாம்.

அக்குளும், மார்புக்கு அடியில் மடியும் இடமும்தான் அதிகம் படுத்தும். வியர்வையும் உரசலும் அங்கேதானே! இறுக்கமான பிராவுக்கும் பாலியெஸ்டர் ரவிக்கைக்கும் லீவு விடுங்க. வீட்டில் இருக்கும்போது கணவரின் பழைய காட்டன் சட்டை மாதிரி சுகம் வேறில்லை. வெளியே போக, மேலே புடவைத் தலைப்பு இருக்கவே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சுடிதாரைப் புடவை ஜெயித்துவிடுகிறது! வெயில் அந்த இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட் பேக், ஐஸ் பேக் இரண்டும் கூடாது. தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வாராந்தர செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

அசதி

அடுத்த தொந்தரவு அசதி. வெளியே தெரியாததால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். ‘சும்மா படுத்துட்டுத்தானே வர்றே?’ என்று கேட்பார்கள். தினமும் பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, திரும்பி வந்து அடுப்படியில் நிற்கும் பெண்மணிக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும்! ரேடியேஷனால் வரும் அசதி தூங்கி எழுந்தாலும் போகாது. முடிந்தபின்னும் சில வாரம் தொடரும். நாள் முழுக்கப் படுத்தே இருந்தாலும் கூடத்தான் செய்யும். மாலையில் 20 நிமிஷமாவது நடந்தால் குறைகிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பது உதவிதான், போதாது. இந்த மூணு வாரம், அஞ்சு வாரம் இரவுச் சமையல் அவருடையது இல்லை என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். இட்லி மாவு கடையில் கிடைக்கிறது. கூட வர உங்களுக்கு லீவு கிடைக்காத நாளுக்குத் தங்கையோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டக்காவோ யார் என்று முன்கூட்டியே காலண்டரில் பெயர் எழுதி வையுங்கள். கணக்கு பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன காரணத்தால்தான்.

பத்தியம்? எதுவும் இல்லை. கத்தரிக்காய் ஆகாது, கறி ஆகாது என்று ஊரார் சொல்வதைக் கேட்டு வெறும் ரசம் சாதத்தில் இருந்தால் தோல் எதை வைத்து ஆறும்? முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று ஒத்துக்கொள்வதை நன்றாகச் சாப்பிடுங்கள். சத்து மாத்திரையோ நாட்டு மருந்தோ எடுப்பதாக இருந்தால் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். இளம் வயதுக்காரர்கள் சிகிச்சை நடக்கும்போது கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செலவு மலைக்க வைக்கிறதா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான ரேடியேஷனும் வருகிறது. வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு, ஆஸ்பத்திரி தரும் சான்றிதழைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி-யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை. துணைக்கு வருபவருக்கு 75 சதவிகிதம். கேட்டால்தான் கிடைக்கும்.

முடிந்த சில மாதங்களில் வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால், ‘சளிதான்’ என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல், ரேடியேஷன் எடுத்ததைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு நுரையீரலில் அழற்சி வரும், மருந்தில் அடங்கக்கூடியது.

கடைசி நாளன்று ஒரு காகிதம் தருவார்கள். எந்த இடத்துக்கு, எத்தனை தடவை, மொத்தம் எத்தனை கிரே என்று அதில் இருக்கும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை கதிர் பட்ட இடத்துக்கு மறுபடி கொடுப்பது சுலபமில்லை. பத்து வருடம் கழித்து வேறு எதற்காவது ரேடியேஷன் வேண்டும் என்றால், அந்த டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில் வைங்க. ஒரு ஜெராக்ஸ் மகளிடமோ மகனிடமோ இருக்கட்டும்.