முன்னால் பார்க்காமலே பறக்கிறார்கள், தெரியுமா?

இரண்டாம் உலகப்போரில் பறந்த விமானங்கள் இன்றும் பறக்கின்றன. அதுவும் இறக்கையோடு இறக்கை உரசிவிடுமோ என்று நாம் பதறும் நெருக்கத்தில், வரிசை துளியும் குலையாமல்! பழைய இன்ஜினை ஓட வைப்பது ஒரு வித்தை. அந்த வரிசையில் பறக்கக் கற்றுக்கொள்வது அதைவிடப் பெரிய வித்தை. படித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

வாஷிங்டனில் வானமே பின்னோக்கிப் போன நாள் தெரியுமா?

2015 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்த 70-ம் ஆண்டு நிறைவு நாள். அமெரிக்கத் தலைநகரின் மேலே உள்ள வான்பரப்பு உலகிலேயே மிகக் கடுமையாகக் காவல் காக்கப்படும் இடங்களில் ஒன்று. அன்று அங்கே 50-க்கும் மேற்பட்ட போர்க்கால விமானங்கள், 15 அணிகளாக, போர் நடந்த கால வரிசைப்படியே பறந்தன! அதற்காகப் பக்கத்து ரீகன் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். நடுவில் ஓர் அவெஞ்சர் விமானத்தில் கோளாறு. அதன் பைலட் அலட்டிக்கொள்ளாமல் அணியிலிருந்து விலகி, அதே ரீகன் நிலையத்தில் பத்திரமாக இறங்கினார்!

அணியில் பறப்பவர் எங்கே பார்ப்பார் தெரியுமா?

முன்னால் பார்க்க மாட்டார்! அணிக்கு ஒரு லீடர். அவருக்கு இருபுறமும் பறப்பவர்கள் விங்மேன்கள். வழி, உயரம், வேகம், எதிரே வரும் மேகம், பறவை, மலை எல்லாமே லீடரின் பொறுப்பு. விங்மேனின் கண் லீடரின் விமானத்தைவிட்டு அகலவே கூடாது. அந்த விமானத்தில் ஏதாவது இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவை எப்போதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தித் தெரியும்படி தன் விமானத்தை நிறுத்திக்கொள்வார். புள்ளிகள் நகர்ந்தால் இடம் மாறிவிட்டது என்று பொருள். நூலளவு நகரும்போதே திருத்திவிட வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்து இறக்கைக்குச் சில அடி தூரத்தில் இதைச் செய்கிறார்கள்!

முதல் பாடம் தரையில்தான், தெரியுமா?

விமானங்களை அணியில் இருப்பதுபோலவே தரையில் நிறுத்திவைத்து, மாணவரைக் காக்பிட்டில் உட்கார வைப்பார்கள். ‘சரியான இடத்தில் இருந்தால் லீடரின் விமானம் இப்படித்தான் தெரியும்’ என்று அந்தக் காட்சியை மனதில் பதிய வைப்பார்கள். பிறகு பறக்கப்போகும் அணி முழுவதும் மைதானத்தில் கால்நடையாகவே ஒத்திகை பார்க்கும். வானில் எந்த நொடியில் யார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ, அதையெல்லாம் நடந்தே திரும்பிப் பார்ப்பார்கள்.

மேலே போனதும் என்ன ஆகும்? பயத்தில் மாணவர் கட்டுப்பாட்டுக் கோலை இறுக்கிப் பிடிப்பார். பிடி இறுக இறுக விமானம் மேலும் கீழும் ஆடும். அப்போது பயிற்சியாளர் சொல்வது என்ன தெரியுமா? ‘கால் விரல்களை அசை!’ கால் விரல் அசைந்தால் உடம்பு தளரும், கையும் தளரும், விமானம் அடங்கும்!

பின்தங்கியவர் அணியில் வந்து சேருவது இன்னொரு பெரிய பாடம். வேகம் அதிகமாகி லீடரை முந்தப்போகிறோம் என்று தெரிந்தால், லீடருக்குக் கீழேயும் பின்னேயுமாகக் கடந்து மறுபுறம் போய்விட வேண்டும். பதறிப்போய் விமானத்தை லீடரைவிட்டு விலகும் பக்கம் சாய்த்தால் தன் விமானத்தின் வயிறே லீடரை மறைத்துவிடும். லீடர் கண்ணில் படவில்லையா? உடனே ரேடியோவில் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை!

திரும்பும்போது கஷ்டம் இன்னும் கூடும். குடை ராட்டினத்தில் வெளி வரிசைக் குதிரை அதிக தூரம் ஓடுவதுபோல, வளைவில் வெளிப்பக்கம் இருக்கும் விங்மேன் வேகத்தைக் கூட்ட வேண்டும். உள்பக்கம் இருப்பவர் குறைக்க வேண்டும். த்ராட்டிலில் வைத்த கை ஓயவே ஓயாது!

அமெரிக்காவில் பழைய போர் விமானங்களின் பைலட்டுகளுக்கென்றே ‘ஃபாஸ்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதன் தேர்வில் தேறினால் அட்டை கிடைக்கும். விங்மேனுக்கு ஓர் அட்டை, லீடருக்கு இன்னோர் அட்டை. இப்படி ஓர் அட்டை இல்லாமல் அவர்கள் அங்கே விமானக் கண்காட்சிகளில் அணியில் பறக்க முடியாது!

வானத்தில் சைகை மொழி உண்டு, தெரியுமா?

லீடர் இறக்கைகளை ஆட்டினால் ‘பக்கத்தில் வந்து சேருங்கள்’. வாலை இடமும் வலமும் ஆட்டினால் ‘சற்று விலகிப் பறங்கள்’. கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் குடிப்பதுபோலக் காட்டினால் ‘எரிபொருள் எவ்வளவு இருக்கிறது?’ விங்மேன் விரல்களைக் காட்டிப் பதில் சொல்வார். தன் தலையைத் தட்டிக்காட்டிவிட்டு விங்மேனை நோக்கிக் கை நீட்டினால் ‘இனி நீதான் லீடர்’. ரேடியோ செத்துப்போனாலும் அணி பேசிக்கொண்டே இருக்கும்!

லீடரின் சுமை எவ்வளவு தெரியுமா?

லீடர் தன் இன்ஜினின் முழு சக்தியையும் பயன்படுத்தவே மாட்டார். கொஞ்சம் மிச்சம் வைத்தால்தானே பின்தங்கியவர் எட்டிப் பிடிக்க முடியும்? அவர் எங்கே போனாலும் மற்றவர்கள் போவார்கள். 1982 ஜனவரி 18 அன்று நெவாடா பாலைவனத்தில் அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் அணி பயிற்சியில் இருந்தது. குட்டிக்கரணத்தின் அடிப்பகுதியில் லீடரின் விமானம் மேலெழவில்லை. பக்கத்தில் இருந்த மூவரும் அவரைப் பார்த்தபடியே தரையில் மோதினார்கள். நான்கு உயிர்கள். லீடர்மேல் வைத்த நம்பிக்கையின் விலை அவ்வளவு!

2022 நவம்பரில் டல்லாஸ் கண்காட்சியில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானமும் ஒரு கிங்கோப்ரா போர் விமானமும் மோதி ஆறு பேர் இறந்தார்கள். பறப்பதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் உணர்த்தியது. அமெரிக்கச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு விமானத்தின் பைலட்டும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளாமல் அணியில் பறக்கக் கூடாது!

உங்கள் கையிலேயே ஓர் அணி இருக்கிறது, தெரியுமா?

வலது கையை விரித்துக் குப்புற வையுங்கள். கட்டை விரலை மடக்குங்கள். நடு விரல் நுனி லீடர். ஆள்காட்டி விரல் 2-ம் எண், மோதிர விரல் 3, சுண்டு விரல் 4. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மன் விமானி வெர்னர் மோல்டர்ஸும் அவரது கூட்டாளிகளும் செம்மைப்படுத்திய அமைப்பு இது. அப்போது பிரிட்டிஷ்காரர்கள் மூன்று மூன்றாக நெருங்கிப் பறந்தார்கள். பக்கத்து விமானத்தில் இடிக்காமல் இருப்பதிலேயே கண் போய்விடும், எதிரியைத் தேட நேரம் கிடைக்காது! பட்டபிறகுதான் அவர்களும் இந்த நான்கு விரல் அமைப்புக்கு மாறினார்கள்.

கயிறு கட்டிப் பறந்தார்கள், தெரியுமா?

1930-களில் லண்டன் ஹெண்டன் மைதானத்தில், ராயல் விமானப்படையின் 25-வது ஸ்குவாட்ரன் தன் ஹாக்கர் ஃப்யூரி விமானங்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு வித்தை காட்டியது!

புள்ளிபோட்ட குண்டுவீச்சு விமானம் தெரியுமா?

1944-ல் இங்கிலாந்தின் கிழக்கு வானில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் எழும்பும். யார் எந்த அணி? அதற்கென்றே போருக்கு உதவாத பழைய விமானங்களுக்குப் பெரிய புள்ளிகளும் பட்டைகளும் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் தீட்டினார்கள். அந்தந்த அணியினர் தங்கள் புள்ளி விமானத்தைப் பார்த்துக் கூடுவார்கள். அணி சேர்ந்ததும் புள்ளி விமானம் வீடு திரும்பிவிடும்!

மதராஸ் பெயரில் மூன்று ஸ்குவாட்ரன்கள், தெரியுமா?

நம்ம ஊர்தான்! மதராஸ் மாகாணத்திலிருந்து போன போர் நன்கொடையைக் கௌரவிக்க, ராயல் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு ‘மதராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் சூட்டினார்கள். 1940-ல் பிரிட்டனைக் காத்த வான்போரில் 79 ஹரிக்கேனிலும், 234 ஸ்பிட்ஃபயரிலும், 264 டிஃபயன்ட்டிலும் பறந்தன!

டகோட்டா மறுபடியும் பறக்கிறது, தெரியுமா?

1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியவை டகோட்டா சரக்கு விமானங்கள். பழைய இரும்பாகப் போக இருந்த ஒரு டகோட்டாவை அப்போது எம்.பி.யாக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சீரமைத்து, விமானப்படைக்கு அன்பளிப்பாகத் தந்தார். அவருடைய தந்தை ஏர் கமடோர் எம்.கே.சந்திரசேகர் டகோட்டா ஓட்டியவர். ‘பரசுராமா’ என்ற பெயருடன் 2018-ல் அது இந்தியாவுக்குப் பறந்தே வந்தது! 2022 குடியரசு தினத்தில், 1971 போரில் டாங்காயில் என்ற ஊரில் நடந்த பாராசூட் தாக்குதலின் நினைவாக, இருபுறமும் டோர்னியர்கள் துணைவர டெல்லி வானில் பறந்தது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சிக்கும் டகோட்டாவும் ஹார்வர்டு பயிற்சி விமானமும் வந்தன. அன்று கடும் வெயிலில் உயிரிழந்தவர்களை நினைக்காமல் அந்த நாளைச் சொல்ல முடியாது.

ஒரு நொடி தாமதம் எவ்வளவு தூரம் தெரியுமா?

120 நாட் வேகத்தில் வரும் அணி ஒரு நொடி பிந்தினால் 60 மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும்! அதனால்தான் தூரத்தில் ஓர் இடத்தில் வட்டமடித்துக் காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறார்கள்.

நான்கில் ஒன்று ஏன் பிரிகிறது தெரியுமா?

அஞ்சலி செலுத்தும்போது நான்கு விமானங்கள் வரும். வழக்கமாக 3-ம் எண் விமானம் திடீரென்று செங்குத்தாக மேலேறிப் போய்விடும். மற்ற மூன்றும் அந்த இடைவெளியை நிரப்பாமல் அப்படியே பறக்கும். மறைந்த வீரனின் இடம் அது! வாஷிங்டன் அணிவகுப்பு முடிந்ததும் இப்படித்தான்.

அடுத்த ஜனவரி 26 அன்று டிவியில் அணிவகுப்பு வரும்போது லீடரை விட்டுவிட்டுப் பக்கத்து விமானத்தைப் பாருங்கள். அது இம்மி ஏறும், இம்மி இறங்கும், மறுபடி சரியாகும். காக்பிட்டில் ஒரு பைலட் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் கைதட்டலை அவருக்குக் கொடுங்கள்!