வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு கடதாசி

பேரிடரிலோ வன்முறையிலோ தப்பி வந்த ஒரு பிள்ளையைச் சுற்றிப் பெரியவர்கள் கூடினால் முதலில் வருவது கேள்விதான். என்ன கண்டாய், அப்போது எங்கே நின்றாய், கூட யார் இருந்தார்கள்? உறவினர் கேட்பார், பொலிஸ் கேட்கும், நிவாரணம் கொண்டுவந்தவர் கேட்பார், கமரா தூக்கி வந்தவரும் கேட்பார். மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. எப்போது கொட்டுவது, யாரிடம் கொட்டுவது என்பதைப் பாதிக்கப்பட்டவர்தான் முடிவுசெய்ய வேண்டும். சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் முழுவதையும் சொல்லவைக்கும் முறையைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் வரும் மனவடுவை அது தடுக்கவில்லை. இப்போது உலக சுகாதார நிறுவனமே அதைச் செய்யவேண்டாம் என்கிறது.

நெருக்கிக் கேட்காமல், அதே நேரம் தனியே விட்டுவிடாமல் பக்கத்தில் இருப்பது எப்படி? கலைவழிச் சிகிச்சையும் உளவளத்துணையும் சேர்ந்து தரும் பதில் இந்தக் கேள்விக்குத்தான்.

சொல் ஏன் வருவதில்லை

பொஸ்டன் நகரில் செய்யப்பட்டு 1996இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. மனவடுவால் துன்பப்பட்ட 8 பேருக்கு, அவரவருக்கு நேர்ந்ததையே எழுதி வாசித்துக் காட்டி, அந்த நேரத்தில் அவர்களுடைய மூளையைப் படம் பிடித்தார்கள். பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதி விழித்தெழுந்தது. பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் இயக்கம் குறைந்தது. எட்டுப் பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் “சொல்ல வந்தால் தொண்டை அடைக்குது” என்று உளநலக் கிளினிக்குக்கு வருபவர்கள் காலம் காலமாகச் சொல்லி வருவதோடு அது ஒத்துப்போகிறது.

சாதாரண ஞாபகத்தைத் தொடக்கம், நடு, முடிவு என்று கதையாகச் சொல்லிவிடலாம். மனவடுவின் ஞாபகம் துண்டு துண்டாக வருகிறது: ஒரு மணம், ஒரு சத்தம், மண்ணில் கிடந்த ஒரு செருப்பு. ஹெலி பறக்கும் சத்தம் கேட்டதும் வளர்ந்த மனிதர் மேசைக்கடியில் குனிவது இதனால்தான். நித்திரை குழம்புவது, கெட்ட கனவு, திடுக்கிடுவது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, எதிலும் ஒட்டாமல் இருப்பது ஆகியவை பெரியவர்களில் காணும் அறிகுறிகள். சிறுபிள்ளை விட்டொழித்த பழக்கத்துக்குத் திரும்பும், இரவில் படுக்கையை நனைக்கும், அம்மாவின் சேலையை விடாது. முதல் சில வாரங்களில் இவை வருவது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் குறையாமல், படிப்பையும் வேலையையும் சாப்பாட்டையும் குழப்பினால் உதவி தேடவேண்டும்.

துண்டுகளாக வரும் ஞாபகத்தைக் கடதாசி துண்டாகவே ஏற்றுக்கொள்ளும். வசனம் அமைக்கத் தேவையில்லை. உள்ளே கிடந்தது கைக்கெட்டும் தூரத்தில், கண்ணுக்கு முன்னால், ஒரு கடதாசியின் அளவுக்குள் வந்து நிற்கிறது. அதை மடிக்கலாம், கவிழ்த்து வைக்கலாம், நாளைக்கு வேறுவிதமாகக் கீறலாம். நடந்தபோது எந்தக் கட்டுப்பாடும் இல்லாதிருந்தவருக்கு இந்தச் சிறு அதிகாரம் மிகப் பெரியது.

பெட்டியில் பென்சில் கொண்டுபோனவர்

ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1898இல் வியன்னாவில் பிறந்த ஓவியர், யூதர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரெசின் முகாமுக்கு அனுப்பியபோது, கொண்டுபோக அனுமதித்த சொற்பப் பொதியில் ஓவியப் பொருட்களையும் கட்டிக்கொண்டு போனார். முகாமில் பிள்ளைகளுக்கு ஒளித்து வகுப்பு எடுத்தார். கிடைத்த பழைய தாளிலெல்லாம் அவர்கள் கீறினார்கள். முகாமில் இலக்கங்களாக எண்ணப்பட்ட அந்தப் பிள்ளைகளைத் தங்கள் படங்களில் சொந்தப் பெயரை எழுதவைத்தார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். போகுமுன் அவர் விட்டுச்சென்ற இரண்டு சூட்கேஸ்களில் ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. அவற்றைக் கீறிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயிர் தப்பவில்லை. படங்கள் இன்று பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவருடைய மாணவி எடித் கிரேமர் 1938இல் நியூயோர்க் சென்று, அங்கே பாதிக்கப்பட்ட சிறுவர்களோடு வேலைசெய்து, கலைவழிச் சிகிச்சையை ஒரு துறையாக நிறுவியவர்களில் ஒருவரானார். இந்தத் துறையின் வேர்களில் ஒன்று இப்படி, பின்னாளில் முகாமுக்குள்ளும் வகுப்பெடுத்த அந்த ஆசிரியரிடம் போய்ச் சேருகிறது.

மட்டக்களப்பின் தோட்டம்

கலையும் உளவளத்துணையும் சேர்ந்த இந்த வேலைக்கு எங்கள் இலங்கை மண்ணில் ஒரு பெயர் உண்டு: வண்ணத்துப்பூச்சித் தோட்டம். போர்க்காலப் பிள்ளைகளின் நிலைபற்றிக் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வுப் பணியைத் தொடர்ந்து, 1996இல் மட்டக்களப்பில் அது தொடங்கியது. கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். ஒருவர் கலைஞர், மற்றவர் உளவளத்துணையில் பயிற்சி பெற்றவர். இந்தச் சேர்க்கையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கலை மட்டும் இருந்திருந்தால் அது நல்ல ஓவிய வகுப்பாக நின்றிருக்கும். ஆலோசனை மட்டும் இருந்திருந்தால் பல பிள்ளைகள் வாயே திறந்திருக்கமாட்டார்கள்.

அந்த ஆண்டுகளின் மட்டக்களப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்த காலம். தோட்டத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், அந்தக் கதையை நாடகமாக்கி ஆடினார்கள். கூட நின்ற வழிகாட்டிகளும் அதே மண்ணில் போரைத் தாங்கியவர்களே.

மற்றப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து செய்த அந்த விளையாட்டும் மருந்தின் ஒரு பகுதிதான். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருவது இதையே: போர் தனி மனிதரின் மனதை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கத்தையும் காயப்படுத்துகிறது. ஆகவே ஆறுதலும் அங்கேயெல்லாம் நடக்கவேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி வெளியே கேட்கவே பயந்த தாய்மார், அந்த நாட்களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு அழுதார்கள். மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் அதைப் பதிவுசெய்திருக்கிறார். வாய்விட்டு அழ ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதை எங்கள் சனங்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

படம் பரீட்சைத் தாள் அல்ல

கறுப்பு நிறம் என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று அகராதி வைத்துப் படத்தை வாசிப்பவர்களை நம்பாதீர்கள். சில வேளை கையில் கிடைத்தது கறுப்புக் கலர் மட்டுமாக இருக்கும். பயிற்சி பெற்றவர் “இது அப்பாவா?” என்று கேட்கமாட்டார். “இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுறியா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிள்ளை சொல்லாவிட்டால் அதுவும் சரி.

பொருளிலும் கவனம் உண்டு. பென்சில், கிரேயோன் ஆகியவை கைக்கு அடங்கும். நீர்வர்ணமும் ஈரக் களிமண்ணும் உணர்ச்சியை வேகமாகக் கிளப்பிவிடும். அதனால் அச்சம் கூடியவரோடு பெரும்பாலும் அடங்கும் பொருளில்தான் தொடங்குவார்கள். முதல் நாளே “நடந்ததைக் கீறு” என்று கேட்பதில்லை. பாதுகாப்பாக உணரும் இடத்தைக் கீறச் சொல்லலாம். அமர்வு முடியும்போது மூச்சைச் சீராக்கி, கால் நிலத்தில் படுவதை உணரவைத்து, படத்தைக் கோப்பில் வைத்து மூடுவார்கள். அந்தப் படம் கீறியவருக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் அதைச் சுவரில் ஒட்டுவதும் பத்திரிகையில் போடுவதும் அவரை இன்னொருமுறை காயப்படுத்தும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில் பள்ளி பஸ்ஸோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு நிலத்துக்கடியில் அடைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களில் பலர் அதே சம்பவத்தையே திரும்பத் திரும்ப விளையாடியதையும், அதில் ஆறுதல் கிடைக்காததையும் கண்டார். ஆகவே பிள்ளை கீறுகிறது என்பதோடு திருப்திப்பட முடியாது. வாரக்கணக்கில் அதே வீடு, அதே நெருப்பு, எந்த மாற்றமும் இல்லாமல், கீறி முடித்தபின் முன்னரைவிடக் கலக்கம் என்றால் அங்கே துணை தேவைப்படுகிறது. ஒருநாள் அந்தப் படத்தில் ஒரு கதவோ, தண்ணீர் கொண்டுவரும் ஒரு ஆளோ வந்து சேரும்போது சிகிச்சையாளர் நிமிர்ந்து உட்காருவார்.

கலை மட்டும் போதாத இடம்

மனவடுவுக்கு இன்று மிக உறுதியான சான்றுள்ள சிகிச்சைகள், அதற்கென அமைந்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் முறையுமே. கலைவழிச் சிகிச்சைக்கான ஆய்வுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் சிறியவை. எனவே அதைத் துணையாக, பேச்சுக்குப் போகும் பாதையாகக் கொள்வதே நேர்மை. சாகவேண்டும் என்ற எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்துவது, மதுவில் மூழ்குவது, நாட்கணக்கில் நித்திரையின்மை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனால் “விசர்” என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தால் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் தனியே தாங்குகிறார்கள். அந்தப் பெயர் சூட்டுவதை நிறுத்தவேண்டியவர்கள் சுற்றியிருக்கும் நாங்கள்தான்.

வீட்டில், வகுப்பறையில்

பெற்றாரும் ஆசிரியரும் சிகிச்சையாளர் ஆகவேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை, பழகிய பள்ளிக்கூடம் ஆகியவைதான் முதல் மருந்து. ஒரு மூலையில் கடதாசியும் கலர் பென்சிலும் இருக்கட்டும். கீறும்படி சொல்லவேண்டாம். கீறினால் “வடிவாயிருக்கு” என்று மதிப்பெண் போடவும் வேண்டாம், பக்கத்தில் இருங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் “அதையெல்லாம் மற” என்று வெட்டாமல் கேளுங்கள். “அது உன்ர பிழையில்ல” என்பதை, பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திலும், இந்தியாவில் டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற இலக்கத்திலும் இலவசமாகக் கதைக்கலாம். தமிழில் கதைக்கவேண்டும் என்று கேளுங்கள். பேசத் தொடங்கச் சொல் வராவிட்டால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்கலாம்.