பாரீசிலிருந்து பாகூருக்கு எத்தனை மணி நேரம்?

வில்லியனூர், பாகூர் பகுதிகளில் பிள்ளைகள் பிரான்சில் வாழும் குடும்பங்கள் பல. "முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பிள்ளைகள் கலங்குவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பாரீசுக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 8,000 கி.மீ. இடைநில்லாது பறந்தால் ஏறத்தாழ 10 மணி நேரம். ஆயினும் பயணம் அவ்வளவில் முடிவதில்லை. விமான நிலையக் காத்திருப்பு, குடியேற்றச் சோதனை, சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. சாலைவழி ஆகியவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு நாள் கழிந்துவிடும்.

ஆகவே, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடனேயே தெரிவியுங்கள். நோயாளியின் நிலை மோசமாகும்வரை காத்திருக்க வேண்டா. பாரீசு நேரம் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. அங்கே நள்ளிரவாயினும் தயங்காது அழையுங்கள். தூக்கம் கலைந்தால் மீண்டும் உறங்கலாம், தவறிய விடைபெறுதல் மீண்டும் வாய்க்காது.