மருத்துவச் சீட்டிலுள்ள சுருக்கக் குறிகள்

நெசவுத் தொழிலில் பழகாத ஒருவரிடம் 40 என்றும் 100 என்றும் எண் குறித்த இரண்டு பருத்தி நூல் கட்டுகளைக் கொடுத்து, இவற்றுள் பருமனான நூல் எது என்று கேட்டால், அவர் 100 என்று குறித்த கட்டையே காட்டுவார். பருத்தி நூலில் எண் உயர உயர இழை மெலியும் என்பது நம் நெசவாளர் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். ஆயினும் அந்தச் சிறுவன் பட்டுத் தறியின் பக்கம் சென்றால் அங்கே கணக்கு மாறிவிடும். பட்டுக்கு வழங்கும் டெனியர் எண் உயர்ந்தால் இழை பருக்கும். எண் ஒன்றுதான், தறி மாறினால் பொருள் தலைகீழாகிறது.

பயிர்த்தொழில் செய்வோருக்கும் இது புதிய விஷயமன்று. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம், சி.ஓ. என்றால் கோயமுத்தூர் என்று விதைநெல் மூட்டையின் மேலுள்ள எழுத்துக்களை அவர்கள் கேட்டு அறிந்தே வாங்குகிறார்கள். கேளாமல் வாங்கினால் போகம் பாழாகும் என்பது அனுபவம் தந்த பாடம்.

இவ்வளவு குறிகளை அன்றாடம் ஆளுகின்ற நாம், மருத்துவமனைச் சீட்டு கைக்கு வந்ததும் வாயடைத்து நிற்கிறோம். அதிலும் புற்றுநோய் என்ற ஐயம் எழுந்துவிட்டால், குறிகளின் பொருளைக் கேட்கவும் அஞ்சி, ஊகத்தினாலேயே பொருள் செய்துகொள்கிறோம். ஊகத்தால் சிலர் இல்லாத நோய்க்கு அழுகிறார்கள். சிலர் தீரக்கூடிய நோயைத் தீராதென்று கைவிடுகிறார்கள். ஆகவே இக்குறிகளுள் முக்கியமான சிலவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது அவசியமாகிறது.

சீட்டு செல்லும் வழி

நமது பகுதியில் ஒரு நோயாளியின் சீட்டு பல கைகள் மாறுகிறது. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உள்ளவர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்கிறார். அங்கிருந்து, 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். பின்னர் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையத்துக்கோ செல்ல நேரலாம்.

இவ்விரு நிலையங்களும் துயரத்திலிருந்து பிறந்தவை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் இடையறாத முயற்சியால் அடையாறு நிலையம் 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா அவர்கள் 1968ஆம் ஆண்டில் நியூயார்க் சென்று சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3ஆம் நாள் இந்நோயால் மறைந்தார். அவர் நினைவாக எழுந்ததே காரப்பேட்டை மருத்துவமனை.

ஓரிடத்து மருத்துவர் எழுதியதை மற்றோரிடத்து மருத்துவர் விரைவில் புரிந்துகொள்வதற்கே சுருக்கக் குறிகள் ஏற்பட்டன. நோயாளியிடமிருந்து எதையும் மறைப்பதற்காக அவை ஏற்பட்டவை அல்ல. எனினும் கேட்பார் இல்லையெனில் அவை திரையாகவே அமைந்துவிடுகின்றன.

ஐயம் வேறு, முடிவு வேறு

சீட்டில் 'சி' என்ற பெரிய எழுத்தும் 'ஏ' என்ற சிறிய எழுத்தும் சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் கார்சினோமா என்னும் புற்று வகையைக் குறிக்கும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குறி இருக்கிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். கேள்விக்குறி இருந்தால் மருத்துவர் ஐயுறுகிறார் என்றுதான் பொருள். முடிவு செய்துவிட்டார் என்பதன்று. அவ்வாறே 'ஆர்.ஓ.' என்று எழுதியிருந்தால், 'இந்நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளப் பரிசோதிக்கவும்' என்பது கருத்து. நம் வீடுகளில் ஆர்.ஓ. என்றால் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி. சீட்டில் அது ஐயத்தை நீக்கும் ஏவல்.

இரத்தப் பரிசோதனைத் தாளிலும் இதே 'சி' எழுத்தும் 'ஏ' எழுத்தும் வருவதுண்டு. அங்கே அது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைக் குறிக்கும். இரண்டும் பெரிய எழுத்தாகி, பக்கத்தில் 125 போன்ற எண் இருப்பின், அது இரத்தத்தில் காணப்படும் ஒரு பொருளின் அளவு. வேறு காரணங்களாலும் அந்த அளவு உயரக்கூடும். ஆதலால் அது ஒன்றை மட்டும் கொண்டு நோய் உண்டென்று துணிதல் கூடாது.

முடிவைச் சொல்வது பெரும்பாலும் திசுப் பரிசோதனையே. 'எப்.என்.ஏ.சி.' என்பது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து அணுக்களை உறிஞ்சி எடுத்துப் பார்த்தல். 'பி.எக்ஸ்.' என்பது பயாப்சி, அதாவது சிறு துண்டுத் தசையை எடுத்துப் பார்த்தல். 'எச்.பி.ஈ.' என்பது அத்தசையைப் பூதக்கண்ணாடியின் கீழ் ஆராய்ந்த அறிக்கை. காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், வேறு மருத்துவமனைக்கு மாறும்போதும் முதலில் கேட்கப்படுவது இவ்வறிக்கையே. ஆகவே அதனைப் பத்திரம்போல் பாதுகாத்தல் வேண்டும்.

நோய் நிற்கும் நிலை

'டி.என்.எம்.' என்னும் மூன்று எழுத்துக்கள் நோயின் பரப்பை அளப்பவை. பிரெஞ்சு மருத்துவர் பியர் டெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் வகுத்த முறை இது. இன்று உலகெங்கும் வழங்குகிறது. 'டி' முதற்கட்டியின் அளவையும் ஊடுருவலையும் காட்டும். 'என்' அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் நோய் புகுந்துள்ளதா என்பதைக் காட்டும். 'எம்' தொலைவிலுள்ள உறுப்புக்களுக்குப் பரவியுள்ளதா என்பதைச் சொல்லும். 'எம்' எழுத்தின் பக்கத்தில் சுன்னம் இருந்தால் அவ்வாறு பரவியதாகத் தெரியவில்லை என்றும், 1 இருந்தால் பரவியுள்ளது என்றும் கொள்ள வேண்டும். எல்லா எண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து அஞ்சுவது தவறு. 'டி' 3 ஆக இருந்தும் 'எம்' சுன்னமாக இருப்பவர்களுள், சிகிச்சையால் நலம் பெற்று வாழ்பவர் பலர்.

ஒரே குறி, பல பொருள்

நூல் எண்ணுக்கும் டெனியர் எண்ணுக்கும் உள்ள மாறுபாடு இங்கேதான் நமக்கு உதவுகிறது. சங்கக் கணக்கில் டி.டி.எஸ். என்றால் வரிப் பிடித்தம். மருந்துச் சீட்டில் அது நாளொன்றுக்கு மூன்று வேளை. ஏ.என்.சி. என்றால் கர்ப்பிணிகளுக்குரிய கவனிப்பு என்று நம் பெண்டிர் அறிவர். புற்றுநோயாளியின் இரத்த அறிக்கையிலோ அது கிருமிகளை எதிர்த்துப் போரிடும் ஒருவகை வெள்ளணுக்களின் எண்ணிக்கை. இவ்வெண் மிகத் தாழ்ந்திருக்கையில் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். அக்காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகக் கூடும்.

'பி.ஆர்.' என்ற குறிக்கு நான்கு பொருள்கள் உண்டு. மார்பகத் திசு அறிக்கையில் அது ஒரு சுரப்புநீரை ஏற்கும் தன்மை. சிகிச்சைக்குப் பின் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் நோய் ஓரளவு சுருங்கியது என்ற நற்செய்தி. மருத்துவரின் குறிப்பில் ஆசனவாய் வழியே செய்யும் பரிசோதனை. செவிலியர் எழுதும் பட்டியலில் நாடித் துடிப்பு. 'சி.டி.' என்பது பெரும்பாலும் ஸ்கேன். சில ஏடுகளில் அதுவே கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையையும் குறிக்கிறது.

'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொற்களும் இத்தகையனவே. நிணநீர்க் கணு நெகட்டிவ் என்றால் அங்கே நோய் இல்லை, அது மகிழத்தக்கது. மார்பகப் புற்றில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்றால், சுரப்புநீரைத் தடுக்கும் மாத்திரைகள் பயன்படும் என்பது பொருள். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. 'என்.இ.டி.' என்றால் இப்பொழுது நோயின் சுவடு தென்படவில்லை என்று அர்த்தம். அது நல்ல சொல்லே. ஆனால் இனி வர வேண்டாம் என்று மருத்துவர் விடைகொடுத்ததாக எண்ணிவிடலாகாது. குறித்த தவணையில் மீண்டும் சென்று காட்ட வேண்டும்.

மருந்தும் நாட்கணக்கும்

'ஓ.டி.' நாளுக்கு ஒரு வேளை, 'பி.டி.' இரு வேளை, 'எஸ்.ஓ.எஸ்.' தேவைப்பட்டால் மட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. மெத்தோடிரெக்சேட் போன்ற சில மாத்திரைகளைச் சில நோய்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறை என்று பிறழக் கொண்டதால் பல நாடுகளில் உயிர்கள் மாண்டிருக்கின்றன. எனவே எந்தக் கிழமையில் உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு, மருந்துப் பெட்டியின் மேல் தமிழில் எழுதி வைத்தல் நலம்.

'ஆர்.டி.' என்பது கதிர்வீச்சுச் சிகிச்சை. அதன் அளவு 'கிரே' என்ற கணக்கில் குறிக்கப்படும். '50 கிரே' என்று எழுதி, பக்கத்தில் 25 என்ற எண்ணும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடுகள் இட்ட ஒரு குறியும் இருந்தால், வேளைக்கு 2 கிரே வீதம் 25 தடவை என்பது பொருள். அதே கோட்டுக் குறி எலும்புச் சிகிச்சைப் பிரிவில் எலும்பு முறிவைக் குறிக்கும்! வாரத்தில் ஐந்து நாள் வீதம் 25 தடவை என்றால் ஐந்து வாரங்கள் ஆகின்றன. இதை முன்கூட்டி அறிந்தவர் அதற்கேற்பத் தறியில் பாவு ஏற்றுவதைத் தள்ளிப்போடலாம். நாற்று நடவுக்கு ஆள் ஏற்பாடு செய்யலாம். அறியாதவர் பத்தாம் நாள், 'வேலை கெடுகிறது' என்று திரும்பிவிடுகிறார். பாதியில் நின்ற சிகிச்சை பாதிப் பயனும் தருவதில்லை.

கேட்பது உரிமை

சீட்டைக் கையில் வாங்கியவுடன் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். இக்குறியின் முழுச் சொல் என்ன? என் விஷயத்தில் அதன் பொருள் யாது? அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன, எந்த நாளில்? விடையை அங்கேயே தமிழில் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளியோ, அவரால் அதிகாரம் பெற்றவரோ மருத்துவ ஏடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல குடும்பங்களில் மகனும் மருமகனும் பொருளறிந்துகொண்டு, நோயுற்ற பெரியவரிடம் மட்டும் மறைத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதே எனினும், தம் உடலைப் பற்றியும் தம் நிலபுலன்களைப் பற்றியும் முடிவு செய்யும் உரிமை அவரிடமிருந்து நழுவிவிடுகிறது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அதன்படி நடப்பதே முறை.

சங்கங்களும் இதில் துணை நிற்கலாம். படித்த அங்கத்தினர் ஒருவர் நோயாளியின் சம்மதத்துடன் உடன் சென்று, மருத்துவர் சொல்வதைக் குறித்து வரலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அச்சீட்டு நோயாளியின் சொத்து. அதனைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பலருக்கும் அனுப்புவதும், சங்க அலுவலகத்தில் பேச்சுப் பொருளாக்குவதும் தகாத செயல்கள்.

1904ஆம் ஆண்டில் நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த குடியானவனைக் காப்பதற்கே அத்தகைய சங்கங்கள் எழுந்தன. வாசித்துக் காட்டச் சொல்லி, பொருள் தெளிந்த பிறகே கையொப்பம் இடுவது என்ற பழக்கத்தை அவை நமக்குத் தந்தன. கடன் சீட்டுக்கு நாம் காட்டும் அந்த விழிப்பை மருத்துவச் சீட்டுக்கும் காட்டுவோமாக.