கட்டிலடிப் பூனையும் 400 பிலிமும்

கட்டிலுக்கு அடியில் பூனை படுத்திருக்கிறது. அதைப் பிலிம் கேமராவில், கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைக்கிறார். ஒன்றில் 100 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 400. எதை வாங்குவீர்கள்?

அந்த எண்ணைப் பிலிமின் வேகம் என்பார்கள். வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் அது உணர்கிறது என்பதற்கான கணக்கு அது. எண் இரண்டு மடங்கானால் பாதி வெளிச்சம் போதும். ஜன்னல் வெளிச்சம் மட்டும் உள்ள அறையில் 100 பிலிமுக்கு ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பூனை வாலை ஒரு வீசு வீசினால், படத்தில் வாலுக்குப் பதில் புகைதான் இருக்கும். 400 பிலிமுக்கு 60-இல் ஒரு பங்கு நேரமே போதும். வால் வாலாகவே பதியும்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. அதற்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் புதைந்திருக்கின்றன. தூறல் போடும்போது முற்றத்தில் ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்துப் பாருங்கள். முதல் சொட்டு எதில் விழும்? பெரும்பாலும் அண்டாவில்தான். வேகமான பிலிமின் படிகங்கள் அண்டாக்கள். கொஞ்சம் வெளிச்சம் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் கோலம் போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: கொரகொரப்பான பொடியில் மெல்லிய கோடு இழுக்க முடியாது. பெரிய படிகங்களால் ஆன படமும் அப்படித்தான். பெரிதாக்கிப் பார்த்தால் பொரிபொரியாகத் தெரியும்.

படிகத்தின் அளவு மட்டும் காரணமில்லை. ஒரே மாதிரி செய்தாலும் ஒரு ஜெலட்டினில் பிலிம் வேகமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் இருந்தது. ஜெலட்டின், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் துருவித் துருவித் தேடினார். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியின் காரப் பொருள், அதிலுள்ள கந்தகம், துளியூண்டு ஜெலட்டினில் தங்கியிருந்ததுதான் காரணம் என்று 1925-இல் சொன்னார். நம் தாளிப்புக் கரண்டியில் வெடிக்கிற கடுகின் அதே காரம்! எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

சரி, படம் எடுத்தாயிற்று. இப்போது பிலிமில் என்ன இருக்கிறது? பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெளிச்சம் பட்ட படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் சேர்ந்து ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1840-இல் இப்படி மறைந்திருக்கும் படத்தைக் காலிக் அமிலத்தால் வெளியே கொண்டுவந்தார். அந்த வேலையைச் செய்கிற கரைசலுக்குத்தான் டெவலப்பர் என்று பெயர். புள்ளி வைத்த படிகத்தைக் கண்டுபிடித்து, முழுப் படிகத்தையும் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடும். புள்ளி இல்லாததை அநேகமாகத் தொடாது.

1927-இல் வந்த டி-76 என்ற டெவலப்பர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் செய்முறை எளியது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, சோடியம் சல்பைட் 100. வெள்ளியாக மாற்றும் வேலை முதல் இரண்டுக்கும். போராக்ஸ் அவற்றை முடுக்கிவிடும். சல்பைட் மட்டும் ஏன் 100 கிராம்? கரைசல் காற்றில் கெடாமல் காப்பதோடு, படிகங்களின் ஓரத்தை அது லேசாகக் கரைக்கவும் செய்கிறது. அதனால் பொரி மென்மையாகிறது. 1891-இலிருந்து இருக்கும் ரோடினால் என்ற டெவலப்பர் நேர்மாறு. பொரியை அப்படியே கூர்மையாக விட்டுவிடும். 400 பிலிமை ரோடினாலில் போட்டால் மணலில் வரைந்த படம்போல இருக்கும். சிலருக்கு அதுதான் அழகு. பூனையின் மெத்தென்ற ரோமத்துக்கு நான் டி-76-ஐத்தான் எடுப்பேன்.

டெவலப்பரில் ஊறவைப்பது சோறு வடிப்பது மாதிரி. நேரமும் சூடும் முக்கியம். எச்பி5 பிளஸ் என்ற 400 பிலிமுக்கு டி-76-இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 23 டிகிரி என்றால் சுமார் ஐந்தரை நிமிடம். என் முதல் சுருளை மே மாதத்தில், குழாயில் வந்த தண்ணீரிலேயே டெவலப்பரைக் கலந்து கழுவினேன். அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது தண்ணீர். ஏழரை நிமிடம் கழித்து எடுத்தால், நெகட்டிவ் கரிக்கட்டை. சோறு குழைந்துவிட்டது. இப்போது ஒரு வாளியில் ஐஸ்கட்டி போட்டு, அதற்குள் புட்டியை நிறுத்தி, வெப்பமானி 20 காட்டிய பிறகுதான் தொடங்குகிறேன். பிலிம் தொழிற்சாலையைக்கூட ஊட்டிக் குளிரில்தான் கட்டினார்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது.

டெவலப்பரில் போடுவதற்கு முன் பிலிமைச் சுருளியில் ஏற்றுவது கும்மிருட்டில். சினிமாவில் வரும் சிவப்பு விளக்குகூடக் கூடாது, ஏனென்றால் இந்தப் பிலிம் சிவப்பையும் பார்க்கும். விரல்நுனிதான் கண். பழைய பிலிம் ஒன்றை வைத்து, முதலில் வெளிச்சத்தில் பழகுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. ரசாயனத்தைத் தொடும்போது கையுறையும், பக்கத்தில் ஒரு பெரியவரும் வேண்டும்.

அந்தி மங்கிவிட்டால்? 400 பிலிமை 1600 என்று கேமராவிடம் சொல்லிப் படம் எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் வைப்பதுண்டு. பூனையின் வெளிச்சம் பட்ட முகம் நன்றாகவே வரும். ஆனால் புள்ளி விழாத படிகத்தை எத்தனை நிமிடம் ஊறவைத்தும் எழுப்ப முடியாது. கடைசியில் ஹைப்போ என்ற கரைசல் வந்து அதைக் கரைத்து எடுத்துப்போய்விடும்.

கழுவிய பிலிமைக் கொடியில் தொங்கவிட்டு, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பூனையின் வெள்ளை மீசை கறுப்பாக, இழை இழையாக நிற்கிறது. அதற்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத கட்டிலடி மூலையில், பிலிம் வெறும் கண்ணாடிபோல இருக்கிறது. அதன் வழியே எதிர்வீட்டு மாடி தெரிகிறது.