கடல் மீன் தொட்டியோடு வீடு மாறுவது: கல்லும் மணலும்

வாடகை வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு "வீட்டைக் காலி பண்ணிக்கோங்க" என்ற வார்த்தை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வலிக்கும். பீரோவைக் கழற்றி மாட்டலாம். தொட்டியை அப்படிச் செய்ய முடியாது. அதுவும் திண்டுக்கல் மாதிரி, எந்தப் பக்கம் போனாலும் பல மணி நேரம் கழித்துத்தான் கடல் வரும் ஊரில், ஏதாவது கெட்டுப்போனால் உடனே மாற்று கிடைக்காது. அதனால் எதைக் கூடவே எடுத்துப்போவது, எதை விட்டுவிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணணும்.

பெரும்பாலோர் முதலில் காப்பாற்ற நினைப்பது பழைய தண்ணீரை. காரணம் கேட்டால் "அதுலதானே பாக்டீரியா இருக்கு" என்பார்கள். உண்மையில் தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. நுண்துளைகள் நிறைந்த கல்தான் அவற்றின் பெரிய குடியிருப்பு. கல்லின் உள்ளே ஆக்ஸிஜன் எட்டாத இடங்களில் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. தொட்டியின் ஃபில்டர் கல்தான். தண்ணீர் வெறும் வழிப்பாதை.

கடல் தொட்டியில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை? அமோனியாவின் நச்சு வடிவம் எவ்வளவு என்பது பி.எச். அளவைப் பொறுத்தது. 7-ல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பது, கடல் தொட்டியின் 8.2-ல் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். நன்னீர்த் தொட்டியில் மீன் தாக்குப்பிடிக்கும் அளவு இங்கே கொல்லும்.

எந்தக் கல் என்பதையும் சொல்லிடறேன். லைவ் ராக் என்று உலகம் முழுக்க விற்றது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல காலம் பவளத்தை வெட்டினார்கள். தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே. தீவை அலையிலிருந்து காத்த அரணே போய்விட்டதுதான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே "ராமேஸ்வரத்திலிருந்து ரெண்டு கல் கொண்டு வந்து தர்றேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயற்கைக் கல்லே போதும். சிமென்ட் கல் என்றால் பல வாரம் தண்ணீரில் ஊறவைத்து, பி.எச். ஏற்றும் குணம் போன பிறகு போடணும். பாக்டீரியாவுக்குப் பவளம், சிமென்ட் என்ற பேதம் கிடையாது. சில மாதத்தில் அதுவும் உயிர்க்கல் ஆகிவிடும். அப்படி வளர்த்த கல் என்பதால்தான் வீடு மாறும்போது அதைக் காப்பாற்றுவது இவ்வளவு முக்கியம்.

கல்லை எடுத்துப்போகும் முறை எளிது. தொட்டித் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட பக்கெட்டில் கல்லை முழுசாக மூழ்கவைத்து, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போட்டு எடுத்துப்போகணும். பாக்டீரியா கொஞ்ச நேரம் ஈரத்தில் இருந்தாலே பிழைத்துக்கொள்ளும். ஆனால் கல்லில் ஒட்டியிருக்கும் பஞ்சுயிரிகளும் சிறு புழுக்களும் காற்றுப்பட்டால் சாகும். அவை செத்து அழுகினால் அந்தக் கல்லே அமோனியா கிணறு ஆகிவிடும். சித்திரை வெயிலில் மதியம் வண்டி ஏற்றாதீர்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்ஸிஜன் குறையும். விடியற்காலையோ சூரியன் சாய்ந்த பிறகோதான் நல்லது. மீன்கள் தனிப் பக்கெட்டில், கல்லோடு சேர்க்காமல். கல் உருண்டால் மீன் நசுங்கும்.

மணல் வேறு கதை. மேலே ஓரிரு அங்குலம் நல்ல மணல். அதற்குக் கீழே பல மாதமாக இறங்கிய கழிவு. ஆழமான படுகையில் ஆக்ஸிஜன் இல்லாத அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். தொட்டிக்குள் அசையாமல் இருந்தவரை அதனால் தொந்தரவில்லை. அள்ளி பக்கெட்டில் கொட்டி, புது வீட்டில் அப்படியே போட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். மாறி இரண்டாம் நாள் மீன் சாகும் பல தொட்டிகளில் குற்றவாளி இதுதான் என்பது என் கணிப்பு. நான் பரிந்துரைப்பது: மேல்மணலில் இரண்டு மூன்று கைப்பிடி மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், அது விதை. மிச்சத்தை உப்புத் தண்ணீரில் தெளிவாகும்வரை அலசிப் போடலாம், அல்லது புது மணல் வாங்கலாம். கருத்து, வாடை அடிப்பதை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கல்லில் போதிய பாக்டீரியா இருந்தால் மணலை இழப்பது பெரிய இழப்பே இல்லை.

புதுத் தண்ணீரை முந்தின நாளே கலந்து வைக்கணும். குழாய்த் தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும். இரண்டுமே நேரடியாக ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். சமையல் உப்பும் ஆகாது. கடல் உப்பில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் சோடியம் குளோரைடு. மீதியில் மக்னீசியம், கால்சியம், சல்ஃபேட் எல்லாம் இருக்கிறது. கடல் தொட்டிக்கென விற்கும் கலவையை வாங்கி, ஒப்படர்த்தி பழைய தொட்டியில் இருந்த அதே அளவுக்கு வருமாறு கலக்குங்கள். பொதுவாக 1.025 சுற்றி. பழைய தண்ணீரில் பாதியாவது எடுத்துப்போகச் சொல்வது பாக்டீரியாவுக்காக அல்ல, மீனுக்குத் திடீர் மாற்றம் வராமல் இருக்க. லாரி ஏற்றுபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: 100 லிட்டர் என்றால் 100 கிலோவுக்கு மேல். மணலும் தண்ணீரும் இருக்கும்போது கண்ணாடித் தொட்டியைத் தூக்கவே கூடாது, ஒட்டு பிரியும்.

புது இடத்தில் கல்லை முதலில் அடுக்கி, பிறகு மணல், பிறகு தண்ணீர். கலங்கல் அடங்கிய பிறகுதான் மீன். அடுத்த ஒரு வாரம் தினமும் அமோனியா பாருங்கள். சோதனைக் குப்பியில் நிறம் மாறினால் உடனே தண்ணீர் மாற்றணும், தீனியைப் பாதியாகக் குறைக்கணும். பவர் கட் வந்தாலும் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. ஒரு வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றால் கல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய தீனி அளவுக்கு அப்புறம் மெதுவாகத் திரும்பலாம்.